பத்தொன்பதாயிரம் பேர் வந்த பக்கம்

குரு என்றால் தாடி வேண்டும், ஆசிரமம் வேண்டும், காலடியில் பத்துப் பேர் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் சுடர்க்கொடி டீச்சரைப் பார்த்தால் ஏமாந்துதான் போவார்கள். அவருக்கு வயது முப்பத்திரண்டு. சிவகாசியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு மருந்துக்கடையின் மாடியில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தார். எட்டு கம்ப்யூட்டர்கள். அதில் ஆறு வேலை செய்யும்.

இருந்தாலும் ஊரில் அவருக்கு குரு என்றுதான் பெயர். கேட்ட கேள்விக்கு அவர் நேராகப் பதில் சொல்லமாட்டார். அது ஒன்றே காரணம்.

"பாஸ்வேர்ட் மறந்துபோச்சு டீச்சர்" என்று யாராவது வந்து நின்றால், "எதை மறக்க மாட்டீங்க?" என்பார். வந்தவர் மண்டையைச் சொறிந்துகொண்டு போவார். நாலு நாள் கழித்துப் புரியும். புரிந்தவர்கள் அவரைப் புகழ்ந்தார்கள். புரியாதவர்கள் இன்னும் கொஞ்சம் அதிகமாகப் புகழ்ந்தார்கள்.

அவருடைய மாணவர்களில் மூத்தவர் இருளப்பன். வயது ஐம்பத்தாறு. அச்சகத்தில் ஆஃப்செட் மெஷின் ஓட்டுகிறவர். மணிக்கு எட்டாயிரம் தாள் ஓடும்போது, காலண்டர் முருகனின் கன்னத்தில் சிவப்பு ஒரு இழை தள்ளி விழுந்தால்கூட மெஷினை நிறுத்திவிடுவார். காலை ஆறு மணிக்கு ஷிப்ட். இரண்டு மணிக்கு விடுவார்கள். மூன்று மணிக்கெல்லாம் சென்டரில் ஜன்னலோர நாற்காலியில் இருப்பார்.

ஜூலை மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, அந்த நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு அவர் டீச்சரிடம் கேட்டார்.

"பத்தொன்பதாயிரம் பேரு வந்துட்டுப் போயிருக்காக டீச்சர். அதுல ஒருத்தருக்குக்கூடவா என் வீட்டுக்காரியத் தெரியல?"

இந்தக் கேள்விக்குப் பின்னால் இருப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இருளப்பனின் மனைவி பேச்சியம்மாள். ஐம்பது வயதுக்குள்ளேயே அவளுக்கு மறதி நோய் வந்துவிட்டது. முதலில் அடுப்பில் வைத்த பாலை மறந்தாள். பிறகு தெருவை மறந்தாள். கடைசியில் தன் பெயரையே மறந்தாள். ஊர்ப்பெயர் மட்டும் எப்படியோ நாக்கில் தங்கிவிட்டது. ஜனவரியில் திருப்பதிக்குப் போய்விட்டு இரண்டு பேரும் திரும்பிக்கொண்டிருந்தார்கள். காட்பாடி ஜங்ஷனில் வண்டி நின்றது. இருளப்பன் இறங்கினார். ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். திரும்பி வந்தபோது சீட் காலியாக இருந்தது. எதிர் பிளாட்பாரத்திலிருந்து வடக்கே போகிற வண்டி ஒன்று அப்போதுதான் புறப்பட்டுப் போயிருந்தது.

போலீசில் எழுதிக் கொடுத்தார். வேலை பார்க்கிற அச்சகத்திலேயே போஸ்டர் அடித்துக்கொண்டார். சனிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் ரயில் ஏறுவார். ஞாயிறு முழுக்க ஸ்டேஷன் ஸ்டேஷனாக இறங்கிப் போஸ்டர் ஒட்டுவார். பிளாட்பாரத்தில் படுத்திருக்கும் பெண்களின் முகத்தைக் குனிந்து பார்ப்பார். சிலர் திட்டினார்கள். திங்கட்கிழமை காலை ஸ்டேஷனிலிருந்து நேராக ஷிப்டுக்குப் போவார்.

மார்ச் மாதத்தில் அவருடைய அக்கா மகன் பேச்சியம்மாளுக்காக ஒரு வெப்சைட் போட்டுக் கொடுத்தான். ஒரே ஒரு பக்கம். மேலே அவள் போட்டோ. கீழே பெயர், வயது, அடையாளம், இருளப்பனின் போன் நம்பர். அதற்கும் கீழே, பார்த்தவர்கள் செய்தி எழுத ஒரு பெட்டி. பக்கத்தின் அடியில் எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணிக் காட்டும் ஒரு கட்டம்.

தினமும் மூன்று பேர் வந்தார்கள். சில நாள் நான்கு. அதில் ஒருவர் இருளப்பனே.

அதைப் பெருக்கத்தான் அவர் சுடர்க்கொடி டீச்சரிடம் சேர்ந்தார். சேர்ந்த அன்றைக்கே கேட்டார்.

"நெறைய பேரு வரணும்னா என்ன செய்யணும் டீச்சர்?"

"ஆளுங்க வரணுமா, பார்க்கணுமா?" என்றார் டீச்சர்.

இருளப்பனுக்கு விளங்கவில்லை. வந்தால்தானே பார்ப்பார்கள் என்று நினைத்தார். நாமும் அப்படித்தான் நினைத்திருப்போம்.

ஏப்ரல் கடைசியில், செல்போனில் ஓடிய ஏதோ ஒரு வீடியோவில், டிராஃபிக் எக்ஸ்சேஞ்ச் என்று ஒன்று இருப்பதாக அவருக்குத் தெரிந்தது. ஏற்பாடு ரொம்ப எளிது. உறுப்பினர்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு வெப்சைட் இருக்கும். நீ மற்றவர்களின் பக்கங்களைத் திறந்து பார்க்க வேண்டும். பக்கத்துக்கு இருபது விநாடி. மேலே ஒரு பட்டையில் விநாடி இறங்கிக்கொண்டே வரும். பூஜ்யம் ஆனதும் நான்கு சின்னப் படங்கள் தோன்றும். அதில் ஒரே மாதிரி இருக்கும் இரண்டைத் தொட வேண்டும். தொட்டால் அரைப் புள்ளி. ஒரு புள்ளிக்கு உன் பக்கத்துக்கு ஒரு ஆள் வருவார். அதாவது, நீ இரண்டு பேர் வீட்டுக்குப் போனால், உன் வீட்டுக்கு ஒருவர் வருவார்.

இருளப்பன் அசரவில்லை. மூன்று மணிக்கு உட்கார்ந்தால் ஏழு மணிக்குத்தான் எழுந்திருப்பார். நாளைக்கு ஐந்நூறு பக்கம். இருநூற்றைம்பது ஆட்கள். கட்டத்தில் எண் ஏறுவதைப் பார்க்கப் பார்க்க, பல மாதம் கழித்து அவருக்குச் சோறு இறங்கியது.

சனிக்கிழமை ரயிலை விட்டார். ஊர் ஊராக அலைந்தால் ஒரு நாளைக்கு நூறு பேரிடம் போட்டோவைக் காட்டலாம். இங்கே உட்கார்ந்த இடத்திலிருந்து இருநூற்றைம்பது பேருக்குக் காட்டலாம். சனி ஞாயிறும் சென்டருக்கே வந்தார்.

வந்தவர்கள் சும்மாவும் போகவில்லை. அவருடைய நம்பரைப் பார்த்துவிட்டு எடை குறைக்கிற பவுடர் வேண்டுமா, வீட்டிலிருந்தே சம்பாதிக்க ஆசையா என்று போன் செய்தார்கள். தொல்லை தாங்காமல், தெரியாத நம்பர் வந்தால் எடுப்பதை அவர் நிறுத்திக்கொண்டார். செய்திப் பெட்டியும் அதே கதிதான். முதல் வாரம் திறந்து பார்த்தார். அத்தனையும் விளம்பரம். அப்புறம் அந்தப் பக்கம் போகவே இல்லை.

இப்படித்தான் பத்தொன்பதாயிரம் சேர்ந்தது.

இனி அந்தத் திங்கட்கிழமைக்கு வருவோம். டீச்சர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இன்னிக்கு எத்தனை பக்கம் பார்த்தீங்க அண்ணாச்சி?"

"முன்னூத்தம்பதுக்கு மேல இருக்கும்."

"அதுல ஏதாவது ஒண்ணைச் சொல்லுங்க."

இருளப்பன் யோசித்தார்.

"ஒண்ணு... மாத்திரை விக்கிறாக."

"என்ன மாத்திரை?"

"தெரியல டீச்சர்."

"வேற?"

"இங்கிலீஷ்ல என்னமோ இருந்துச்சு. நான் அந்த விநாடியப் பார்த்துக்கிட்டு இருப்பேன். அது முடிஞ்சு நாலு படம் வாரப்ப டக்குனு தொடணும். விட்டா அந்த இருபது விநாடியும் வீணாப் போயிரும்."

டீச்சர் திரையை ஒரு தடவை பார்த்தார். பிறகு, "பேச்சியம்மாள் அக்காவோட போட்டோ வேற ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

இருளப்பன் செல்போனில் தேடி எடுத்தார். அவருடைய அக்கா மகள் கல்யாணத்தில் பேச்சியம்மாளை எடுத்தது. பச்சைப் பட்டுச் சேலை. தலையில் பூ கொஞ்சம் சரிந்திருந்தது. நோய் வருவதற்கு முந்தைய வருஷம். யாரோ என்னவோ சொல்ல, வாயைப் பொத்திச் சிரிக்கப் போகிறாள். அந்த நொடியில் எடுத்த படம். இருளப்பன் அதை ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு டீச்சருக்கு அனுப்பினார்.

"இது எதுக்கு டீச்சர்?"

"வெள்ளிக்கிழமை சொல்றேன். அதுவரைக்கும் நீங்க பாட்டுக்கு உங்க வேலையப் பாருங்க."

அவர் தன் வேலையைப் பார்த்தார். செவ்வாய் ஐந்நூறு. புதன் ஐந்நூற்று இருபது. வியாழன் கரண்ட் போய்விட்டதால் முன்னூறுதான்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு டீச்சர் மறுபடியும் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நீங்க செய்யுங்க அண்ணாச்சி. நான் சும்மா பார்த்துக்கிட்டு இருக்கேன்."

இருளப்பன் தொடங்கினார். ஒரு பக்கம் வந்தது. பவுடர். இருபது, பத்தொன்பது, பதினெட்டு. படத்தைத் தொட்டார். அடுத்த பக்கம். யாரோ நீலக் கோட்டுக்காரர் கை நீட்டிக்கொண்டு நின்றார். இருபது விநாடி. தொட்டார். அடுத்த பக்கம், 'உங்கள் வெப்சைட்டுக்கு ஆட்கள் வேண்டுமா' என்று கேட்டது. அதையும் தொட்டார். அவர் கை சுறுசுறுப்பாக வேலை செய்தது. கண் மேலே ஓடும் பட்டையைவிட்டு இறங்கவே இல்லை.

இப்படிப் பத்துப் பன்னிரண்டு பக்கம் போயிருக்கும்.

அடுத்து ஒரு பக்கம் வந்தது. எழுத்து எதுவும் இல்லை. திரை முழுக்க ஒரு பெண்ணின் முகம். பச்சைப் பட்டுச் சேலை. சரிந்த பூ. சிரிக்கப் போகிற வாய். கீழே பேச்சியம்மாள் என்று பெயர் மட்டும்.

இருபது, பத்தொன்பது, பதினெட்டு.

இருளப்பன் பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடையில் ஒரு தடவை கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மாட்டிக்கொண்டார். ஏழு, ஆறு, ஐந்து. நான்கு படங்கள் வந்தன. இரண்டு ஆட்டுக்குட்டிகளைத் தொட்டார். அரைப் புள்ளி ஏறியது. அடுத்த பக்கம் வந்தது. பவுடர்.

"நிறுத்துங்க" என்றார் டீச்சர்.

"என்ன டீச்சர்?"

"ஒரு பக்கம் பின்னாடி போங்க."

போனார்.

இருளப்பன் திரையைப் பார்த்தார். பட்டையை அல்ல, திரையை. நாற்காலியின் கைப்பிடியை அவர் கை இறுக்கிப் பிடித்தது.

"இத எப்பப் போட்டீக?"

"திங்கட்கிழமை சாயங்காலமே போட்டுட்டேன். நானும் இந்த எக்ஸ்சேஞ்ச்ல சேர்ந்து, காசு கட்டிப் புள்ளி வாங்கி, இந்தப் பக்கத்தை ஓட விட்டேன். நம்ம சென்டர் நெட்லேருந்து மட்டும் இதுவரைக்கும் நாற்பத்தோரு தடவை திறந்திருக்காங்க. இந்த எக்ஸ்சேஞ்ச் பார்க்கிறது இங்க நீங்க ஒருத்தர்தான்."

"என்னய வச்சு விளையாடுறீகளா டீச்சர்?"

அவர் குரல் ஏறிவிட்டது. மற்ற மேசைகளில் தட்டிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள்.  இருளப்பன் எழுந்தார். செருப்பைத் தேடினார். ஒரு செருப்பை மாட்டினார். அப்படியே மறுபடியும் உட்கார்ந்துவிட்டார்.

"இருபத்தெட்டு வருஷம் டீச்சர்" என்றார். "இருபத்தெட்டு வருஷம் ஒரே வீட்ல இருந்தோம். நாற்பத்தோரு தடவ என் முன்னாடி வந்து நின்னுருக்கா. நான் ஆட்டுக்குட்டியப் பார்த்துக்கிட்டு இருந்துருக்கேன்."

அவர் அழுதார். பெரிய மனிதர் ஒருவர் அப்படி அழுதால் பக்கத்தில் இருப்பவர்களுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியாது. எல்லோரும் கீபோர்டைப் பார்த்தார்கள்.

கொஞ்சம் அடங்கியதும் கேட்டார்.

"அப்ப அந்தப் பத்தொன்பதாயிரம் பேரும்?"

"அவங்க எதைப் பார்த்திருப்பாங்க அண்ணாச்சி?"

"ஒருத்தர்கூடவா நெசமா வந்திருக்க மாட்டாக?"

இந்தக் கேள்விக்கும் டீச்சர் பதில் சொல்லவில்லை. கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து, வெப்சைட்டின் செய்திப் பெட்டியைத் திறந்தார். நாலாயிரத்து அறுநூறு செய்திகள். முதல் வாரத்துக்குப் பிறகு வந்த எதுவும் படிக்கப்படவில்லை.

"இதெல்லாம் விளம்பரம் டீச்சர்."

"படிச்சுட்டுச் சொல்லுங்க."

படிக்க ஆரம்பித்தார்கள். பாதியை டீச்சர் வேறொரு கம்ப்யூட்டரில் திறந்துகொண்டார். அன்றைக்கு ஏழு மணி வரை படித்தார்கள். சனிக்கிழமை இருளப்பன் ஷிப்டுக்கு லீவு சொல்லிவிட்டு, காலை ஒன்பது மணிக்கே வந்து உட்கார்ந்தார்.

அவர் ஒன்றைக்கூடத் தாண்டவில்லை. பவுடர் செய்தியையும் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படித்தார். 'அருமையான பக்கம், வாழ்த்துக்கள், என் பக்கத்துக்கும் வாருங்கள்' என்று ஒருவர் எழுதியிருந்தார். 'சூப்பர், தொடர்ந்து எழுதுங்கள்' என்று இன்னொருவர். மனைவியைக் காணவில்லை என்று ஒருவர் அறிவித்திருக்கிறார். அதற்குக் கீழேதான் இந்த வாழ்த்தெல்லாம். இவர்கள் கெட்டவர்கள் இல்லை. எல்லாப் பக்கத்துக்கும் இதையேதான் எழுதுவார்கள். 

பதினொரு மணி இருக்கும். இருளப்பன் நகராமல் உட்கார்ந்திருந்தார். டீச்சர் எட்டிப் பார்த்தார்.

மே மாதம் இருபத்தொன்றாம் தேதி வந்த செய்தி. தமிழை ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தது.

'ஐயா, நான் ஆந்திராவுல கூடூர் ஸ்டேஷன்லேருந்து எழுதறேன். எங்க அம்மா இங்க இட்லிக்கடை வச்சிருக்காங்க. நாலு நாளா ஒரு அம்மா கடைக்கிட்ட இருக்காங்க. பேர் கேட்டா சிவகாசின்னு மட்டும் சொல்றாங்க. அதை வச்சுத் தேடினதுல உங்க பக்கம் கிடைச்சுது. போட்டோல இருக்கறது இவங்கதான். போன் பண்ணினா நீங்க எடுக்கல. சீக்கிரம் வாங்க. சைலஜா.' கீழே ஒரு நம்பர்.

அதற்கு மேலும் கீழும் பவுடர்.

அறுபது செய்தி தாண்டி, இருபத்து நான்காம் தேதி அதே பெயரில் இன்னொன்று. 'ஐயா, எப்ப வர்றீங்க? ஆறு தடவை போன் பண்ணிட்டேன்.'

இருபத்தெட்டாம் தேதி மூன்றாவது. 'அம்மாவுக்குக் காய்ச்சல்.'

நான்காவது ஒன்று இருக்கிறதா என்று இருவரும் தேடினார்கள். இல்லை.

இருளப்பன் தன் போனை டீச்சரிடம் நீட்டினார். டீச்சர்தான் அந்த நம்பரை அடித்து, ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தார். இரண்டு தடவை மணி அடித்ததும் ஒரு பெண் எடுத்தாள்.

"சைலஜாவாம்மா? நாங்க சிவகாசிலேருந்து பேசறோம்."

 அந்தப் பெண் கேட்டாள்.

"இப்பவா?"

இருளப்பன் போனை நோக்கிக் குனிந்தார்.

"நான் அவ வீட்டுக்காரன் பேசுறேன் தாயி. எங்க இருக்கா?"

"ஐயா, அவங்க..." என்று நிறுத்தினாள். "ஜூன் ரெண்டாம் தேதி ஐயா. பெரியாஸ்பத்திரில. காய்ச்சல் இறங்கவே இல்ல. நாங்க தினமும் போய்ப் பார்த்தோம்."

 டீச்சர் இருளப்பனின் தோளில் கை வைத்தார்.

"பதினஞ்சு நாள் எங்ககூட இருந்தாங்க. எங்கேருந்து வந்தாங்கன்னு தெரியல. கால் எல்லாம் புண்ணு. அம்மா குளிப்பாட்டித் தலை சீவி விடுவாங்க. ரெண்டு இட்லி சாப்பிடுவாங்க. தெக்கேருந்து எந்த வண்டி வந்தாலும் எழுந்து நின்னுடுவாங்க. உட்காருங்கம்மான்னா, அவரு டீ வாங்கப் போயிருக்காரு, இப்ப வந்துருவாருன்னு சொல்வாங்க."

"அடுத்த வாரம் கூடூர்தான் போறதா இருந்தேன்" என்றார் இருளப்பன். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. "ரேணிகுண்டா வரைக்கும் போயிட்டேன். அடுத்தது கூடூர்தான். அப்பத்தான் இதுல உட்கார்ந்தேன்."

"ஐயா?"

"ஒண்ணுமில்ல தாயி. அவளை... எங்க?"

"யாரும் வரலைன்னா அனாதைன்னு எழுதிடுவாங்க ஐயா. அம்மாவுக்கு மனசு கேக்கல. என் அக்கான்னு கையெழுத்துப் போட்டு வாங்கிட்டாங்க. எங்க ஆளுங்களைப் புதைக்கிற இடத்துலதான் வச்சிருக்கோம். வந்தீங்கன்னா காட்டறேன்."

"வாரேன்" என்றார் இருளப்பன். "இப்பவே பொறப்பட்டு வாரேன்."

சொன்னாரே தவிர, எழுந்திருக்கவில்லை. போன் அணைந்தது.  

எதிரே அவருடைய வெப்சைட் திறந்தே கிடந்தது. கணக்கில் மிச்சம் இருந்த புள்ளிகளுக்கு ஆட்கள் இன்னும் வந்துகொண்டிருந்தார்கள். பேச்சியம்மாளின் போட்டோவுக்குக் கீழே கட்டத்தில் எண் ஒன்று கூடியது. கொஞ்சம் பொறுத்து இன்னும் ஒன்று கூடியது. இருளப்பன் அது ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கையை நீட்டி, திரையில் அந்தக் கட்டத்தை மறைத்துக்கொண்டார்.

"ஒருத்திதான் வந்துருக்கா டீச்சர்" என்றார். "மூணு தடவ வந்துருக்கா. நான் வீட்ல இல்ல."



இருளப்பன் திரும்பி டீச்சரைப் பார்த்தார். அவர் கேட்டதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நான் சேர்ந்த அன்னிக்கே கேட்டேனே டீச்சர். ஆளுங்க வரணுமா, பார்க்கணுமான்னீக. நான் படிக்காதவன், எனக்கு வெளங்கல. இது ஆகாது அண்ணாச்சி, ரயிலேறிப் போங்கன்னு நேரா ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே. மூணு மாசமா உங்க கண்ணு முன்னாடி இதே நாற்காலிலதான உட்கார்ந்திருந்தேன்?"

சுடர்க்கொடி டீச்சரிடம் எதற்கும் ஒரு மறுகேள்வி உண்டு என்று ஊரில் சொல்வார்கள். அன்றைக்கு அவர் ஸ்டூலை இருளப்பனுக்கு நேராகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். பிறகு, முதல் தடவையாக, கேட்டதற்கு நேராகப் பதில் சொன்னார்.

"ஆமா அண்ணாச்சி. தினமும் மூணு மணிக்கு வந்தீங்க. 'நல்லா இருக்கீங்களா'ன்னு கேப்பேன். நீங்க தலையாட்டுவீங்க. நான் அடுத்த ஆள்கிட்ட போயிருவேன். நானும் உங்களைப் பார்க்கல."